ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என்ன மாற்றினீர்கள்?

வேலையும் வீடும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டிஜிட்டல் விளம்பர வேலை பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். நானும் 2005 முதல் 2018 வரை அந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள்தான் என்று போகிற போக்கில் அதில் சொல்லிவைத்தேன். அது போதுமாயிருந்திருக்கிறது. மேஜையில் கடிதக் கட்டு, இன்பாக்ஸில் இன்னொரு கட்டு. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

எனக்கு 35 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் மேனேஜர், அதாவது ஆன்லைன் விளம்பரங்களை ஓட்டி, செலவுக்கு எவ்வளவு விற்பனை வருகிறது என்று பார்க்கிற வேலை. எல்லாம் அமெரிக்க கிளையன்ட்டுகள். பிடித்தம் போக மாதம் இரண்டரை லட்சம் கைக்கு வருகிறது. பிரச்சினை தூக்கம்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. போனை எடுத்து, விளம்பரச் செலவும் வரவும் காட்டுகிற டேஷ்போர்டைப் பார்க்காமல் மறுபடி படுக்க முடிவதில்லை. பார்த்தால் ஏதாவது மாற்றத் தோன்றுகிறது. மனைவி இப்போது மகளோடு அடுத்த அறையில் படுக்கிறாள். எழுந்து பார் என்று ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விட முடியவில்லை.
*பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்*

இரண்டு மணிக்கு எழுந்து என்ன மாற்றினீர்கள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. பதில் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. கூகுள் ஆட்ஸில் சேஞ்ச் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் உண்டே, யார், எப்போது, எதை, எதுவாக மாற்றினார் என்று வரி வரியாகப் பதிந்திருக்கும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், காபி குடித்துவிட்டுத் திறங்கள். உங்கள் லாகினை மட்டும் வடிகட்டுங்கள். கணக்கு நியூயார்க் நேரத்தில் ஓடுகிறது என்றால் நம்முடைய ராத்திரி இரண்டு மணி அங்கே முந்தின நாள் மாலை மூன்றரை (கோடைக் காலத்தில் நாலரை). அந்த நேரத்தை ஒட்டி நீங்கள் செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, மறுநாள் அதை நீங்களே திருப்பி வைத்தீர்களா என்றும் எழுதுங்கள்.

2014-ல் நான் இதைச் செய்தேன். மூன்று மாதத்தில், இரவு 11-க்கும் காலை 6-க்கும் நடுவே நான் செய்த மாற்றங்கள் 61. அதில் 38-ஐ மறுநாள் காலையில் நானே பழையபடி வைத்திருந்தேன். மிச்சம் 23-ல் பெரும்பாலானவை பிட்டை, அதாவது ஒரு கிளிக்குக்குக் கொடுக்கச் சம்மதிக்கிற விலையை, ஐந்து சென்ட் ஏற்றுவது, நாலு சென்ட் இறக்குவது. அதற்காக எழுந்திருக்க வேண்டியதே இல்லை. காலை ஒன்பதுக்குச் செய்திருந்தாலும் ஒரு கஸ்டமர் கூடியிருக்கவும் மாட்டார், குறைந்திருக்கவும் மாட்டார்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், ராத்திரியில் மறந்துவிடுகிறோம் என்பதால். கூகுளில் ஒருவர் இன்றைக்குக் கிளிக் செய்து மூன்று நாள் கழித்து வாங்கினால், அந்த விற்பனை கிளிக் நடந்த நாளின் கணக்கில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, இரண்டு மணிக்கு நீங்கள் பார்ப்பது பாதி வெந்த சோறு. செலவு முழுசாகத் தெரியும், வரவு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. எப்போது பார்த்தாலும் நஷ்டம் மாதிரிதான் இருக்கும். அப்புறம், நாள் பட்ஜெட்டுக்கு மேலே ஓடுகிறதே என்று பதறியிருப்பீர்கள். ஒரு நாளில் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம், மாதத்தில் 30.4 மடங்குக்கு மேல் வாங்காது. அது விதி, விபத்து இல்லை. ஃபேஸ்புக் பக்கம் இன்னும் மோசம். அங்கே ஒரு ஆட் செட் (விளம்பரத் தொகுப்பு) நிலைக்கு வர வாரத்துக்குச் சுமார் 50 கன்வெர்ஷன், அதாவது விற்பனை மாதிரி நாம் எதிர்பார்க்கிற பலன், வேண்டும். அதற்குள் நீங்கள் பெரிய மாற்றம் எதையாவது செய்தால் அது மறுபடி அ, ஆவிலிருந்து கற்க ஆரம்பிக்கும். ஊன்றின செடியைத் தினமும் பிடுங்கி, வேர் விட்டதா என்று பார்க்கிற கதை.

நிஜமாகவே ஆபத்தான ராத்திரிகள் உண்டு. கிளையன்ட்டின் சைட் படுத்துவிடும், கார்டு டிக்ளைன் ஆகும், யாரோ ஒரு பூஜ்யம் கூடப் போட்டிருப்பார்கள். அந்த யாரோ நானாகவே ஒரு தடவை இருந்திருக்கிறேன். 2009-ல் ஒரு வெள்ளிக்கிழமை. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற அவசரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே 300 டாலர் என்று அடிக்க வேண்டிய இடத்தில் 3,000 என்று அடித்துவிட்டு ஓடினேன். காலையில் திருநெல்வேலியில் இறங்கி, ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்துத் திறந்து பார்த்தால் 2,100 டாலர் போயிருந்தது. அன்றிலிருந்துதான் நான் ராத்திரிக் காவல் காக்க ஆரம்பித்தேன். பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் பூஜ்யம் விழுந்தது யாரும் ராத்திரி விழித்திருக்காததால் இல்லையே. ஐந்து நாளாகச் சரியாகத் தூங்காத ஒருத்தி சாயங்காலம் ஆறேகாலுக்கு அவசரமாகத் தட்டியதால் விழுந்தது. காவல் காக்கிறேன் என்று நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது அடுத்த பூஜ்யத்துக்குத்தான் உரம்.

ஆட்டோமேட்டட் ரூல் இரண்டு எழுதி வைத்தால் இந்தக் காவலை அது செய்யும். இவ்வளவுக்கு மேல் செலவு போனால் கேம்பெய்னை நிறுத்து, எனக்கு மெயில் போடு, அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் கணக்குக்கே செலவு வரம்பு வைக்கலாம். இதெல்லாம் உங்கள் ஜூனியருக்கே தெரியும். பிறகு ஏன் எழுகிறீர்கள்? ஒரு சந்தேகம் சொல்கிறேன், தப்பென்றால் மறந்துவிடுங்கள். இரண்டரை லட்சம் என்கிற எண்ணைப் பார்த்து உங்களுக்கே ஒரு கூச்சம். இவ்வளவு கொடுக்கிறார்களே, நான் செய்கிற வேலைக்கு இது அதிகமோ என்று. அதை ஈடுகட்டத் தூக்கத்தைத் தட்சணையாக வைக்கிறீர்கள். நானும் வைத்தேன். என் மேனேஜருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

போனைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள், ரிச்சி தெருவில் தேடினால் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அவசரமென்றால் அழைக்க கிளையன்ட்டிடம் வீட்டு எண்ணோ மனைவியின் எண்ணோ கொடுங்கள். மெசேஜ் அனுப்புவதற்கும் போன் போட்டுக் கூப்பிடுவதற்கும் நடுவில் மனிதர்கள் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் முக்கால்வாசி அவசரம் காணாமல் போகும். முதல் பத்து நாள் விழிப்பு வரத்தான் செய்யும். சமையலறை வரை நடந்துபோய்ப் பார்ப்பீர்கள். பரவாயில்லை.

அடுத்த அறைக்குப் போன மனைவியிடம், ராத்திரி மாற்றங்களை எழுதிய அந்தத் தாளைக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

என் மகன் பெங்களூரில் ஏதோ ஆன்லைன் விளம்பர வேலை பார்க்கிறான். வயது 29. கை நிறையச் சம்பளம். வீட்டு லோனையும் அவன்தான் கட்டுகிறான். ஆனால் பொங்கலுக்கு வந்தாலும் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருக்கிறான். பொங்கல் பானை பொங்கும்போது போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அப்படி என்னதான் வேலை அது?
*ஒரு தாய், அம்பாசமுத்திரம்*

அம்மா, உங்கள் ஊர்ப் பக்கம் வாழைத்தார் ஏலம் பார்த்திருப்பீர்கள். தாரை நிறுத்தி வைத்திருப்பார்கள், நாலு வியாபாரி சுற்றி நிற்பார்கள், விலை ஏறும், ஒருவர் எடுப்பார். உங்கள் மகன் வேலையும் ஏலம்தான். அமெரிக்காவிலோ பெங்களூரிலோ ஒருவர் போனில் ‘வாஷிங் மெஷின்’ என்று தேடுகிற அந்த நொடியில், அவர் கண்ணுக்கு முன்னால் யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று ஒரு ஏலம் நடக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்த ஆள் தேடினால் அடுத்த ஏலம். ராப்பகலாக, லட்சக்கணக்கில்.

இதில் உங்கள் மகன் நின்று கூவ வேண்டியதில்லை. எவ்வளவு வரை போகலாம், யாரிடம் விற்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருப்பான். தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. ஆனால் அது ஊரான் பணம். ஒரு நாளைக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் கூட ஓடலாம். உடம்பு வீட்டுக்கு வந்தாலும் மனசு சந்தையிலேயே நிற்கும். பெண் வீட்டில் கேட்டால், ‘கம்பெனிகளின் விளம்பரப் பணத்தை நிர்வகிக்கிறான்’ என்று சொல்லுங்கள். பொய்யில்லை, கௌரவமாகவும் இருக்கும்.

இப்போது அவன் பக்கமும் கொஞ்சம் விசாரணை. அவனிடம் கேளுங்கள், ‘உன் கிளையன்ட் அமெரிக்காவா, இந்தியாவா?’ என்று. அமெரிக்கா என்றால் நவம்பர் கடைசியும் டிசம்பரும்தான் உயிர் போகிற நேரம். தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனை, அடுத்த திங்கள் சைபர் மண்டே என்று ஆன்லைன் தள்ளுபடி, அப்படியே கிறிஸ்துமஸ் வரை. ஜனவரி நடுவில் அந்தச் சந்தை ஓய்ந்து கிடக்கும், விளம்பர விலையே இறங்கிவிடும். அப்போது வருகிற பொங்கலுக்கு லேப்டாப் கொண்டுவந்தால் அது வேலை இல்லை, பழக்கம். தாராளமாகப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். இந்திய ஆன்லைன் கடை என்றால் கதை வேறு. குடியரசு தினத் தள்ளுபடி விற்பனை பொங்கலை ஒட்டியே வந்து தொலைக்கும். அப்போது அவன் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. அந்த மாதிரி வருஷத்தில் பொங்கலுக்குப் பதில் மாசியில் வரச் சொல்லுங்கள். குலதெய்வம் கோவிலுக்குப் போன மாதிரியும் இருக்கும்.

கோபிக்காமல் இன்னொன்றும் கேளுங்கள். கல்யாண வீடுகளில் அவன் சம்பளத்தைச் சொல்கிறீர்களா? சொல்லாதீர்கள். ஊருக்கே தெரிந்த சம்பளத்திலிருந்து இறங்குவது ஒரு பையனுக்கு ரொம்பக் கஷ்டம். வேலை பிடிக்காமல் போனால்கூட, ‘அம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளே’ என்றே ஓட்டிக்கொண்டிருப்பான்.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய மனிதர்களே சொல்கிறார்களே?
*எம். ஜாகிர், வாணியம்பாடி*

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 70 என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் பேச்சு வெளியானபோது அது 90 ஆகியிருந்தது. தங்கம் விலை மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல் என்றது அது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, மட்சுரி தகஹாஷி. ஜப்பானின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் 2015 ஏப்ரலில் சேர்ந்த பெண். இணைய விளம்பரப் பிரிவு. வயது 24. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாதத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்திருந்தார் என்று 2016-ல் அரசே அதை வேலைப்பளுவால் நேர்ந்த மரணமாக ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். 2017-ல் கோர்ட் போட்ட அபராதம் 5 லட்சம் யென். நம் பணத்தில் அன்றைக்கு சுமார் மூன்று லட்சம் ரூபாய். ஜாகிர், ஒரு நடுத்தர கிளையன்ட் ஒரே நாளில் அந்தப் பணத்தை பேனர் விளம்பரத்துக்குச் செலவழிப்பான்.

இதைப் படிக்கிற யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்துபோகிறதென்றால், லீவ் லெட்டர், ராஜினாமா எல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசுவார்கள்.

ஆறரை மாதப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறேன். கோவையில் வீட்டிலிருந்தே வேலை. டீம் லீட். அமெரிக்க கிளையன்ட்டோடு பேசும் போன் கால் எல்லாம் மாலை ஏழிலிருந்து பத்துக்குள். குழந்தை தூங்கும் நேரமும் அதுதான். ‘சிரமமாக இருந்தால் ரிப்போர்ட்டிங் வேலைக்கு மாற்றித் தருகிறோம்’ என்கிறார் மேனேஜர், அதாவது அறிக்கை தயாரிக்கிற வேலை. போனஸ் பாதியாகக் குறையும். ஏற்கலாமா? கணவர் பேங்க்கில் இருக்கிறார், ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். என் முடிவுக்கே விட்டுவிட்டார்.
*வி. எஸ்., கோயம்புத்தூர்*

ஏற்காதீர்கள். உங்கள் சிரமம் பதவியில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அந்த மேனேஜர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு எளிதான வழியை உங்களுக்குச் சலுகை மாதிரி நீட்டுகிறார். ரிப்போர்ட்டிங் பக்கம் ஒதுங்கிய பெண்கள் இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப முயன்றபோது, ‘நீங்கள் பட்ஜெட் கையாண்டு நாளாச்சே’ என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சொல்லவும் செய்திருக்கிறேன், அந்தப் பாவத்துக்கு இந்தப் பத்தியே பரிகாரம்.

கேட்க வேண்டியது வேறு கிளையன்ட். உங்கள் கம்பெனிக்கு லண்டன் கணக்கு இருந்தால் அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. போன் கால்களை ஆறு மணிக்குள் முடிக்கலாம். சிங்கப்பூர் என்றால் இன்னும் உத்தமம், அவர்களுடைய ஒன்பது நமக்கு ஆறரை. குழந்தை எழுவதற்குள் ஒரு கால் முடிந்திருக்கும். அதே பதவி, அதே போனஸ், வேறு நாட்டுக் கடிகாரம். வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். ‘டீம் லீடாகவே தொடர விரும்புகிறேன்’ என்ற வரி அதில் இருக்கட்டும்.

அந்தக் கடைசி வாக்கியம், ‘என் முடிவுக்கே விட்டுவிட்டார்’. படித்ததும் சிரிப்பு வந்தது. ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற ஒருவர், ஏழிலிருந்து பத்து வரையிலான பிரச்சினையைப் பெருந்தன்மையாக உங்கள் முடிவுக்கு விடுகிறார்! கணக்கு மாறுகிற வரைக்கும் அந்த மூன்று மணி நேரம் அவருடையது. குழந்தையைத் தூங்க வைக்கத் தெரியாது என்பார். ஒரு வாரம் அழும், இரண்டு பேரும். அப்புறம் பழகிவிடும். மாமியாரோ அம்மாவோ வந்து இருக்கிறேன் என்றால் பகலுக்கு வரச் சொல்லுங்கள். ராத்திரியைக் கணவர் கற்கட்டும்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலை தேடுகிறேன். மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் முடித்தால் மாதம் லட்ச ரூபாய் என்கிறார்கள். உண்மையா?
*ஆர். பிரபு, துறையூர்*

லட்சம் உண்மை, மூன்று மாதம் பொய். கோர்ஸ் முடித்த கையோடு வருகிற சம்பளம் மற்ற வேலைகளைப் போலத்தான். அடுத்தவன் பணம் மாதம் ஒரு கோடி உங்கள் கையால் ஓடி, அதற்கு நீங்கள் பதில் சொல்லத் தெரிந்த பிறகுதான் லட்சமெல்லாம். இன்டர்வியூவில் அவர்கள் கேட்டு முடித்ததும், ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். அப்போது கேளுங்கள், ஒருவர் தலையில் எத்தனை கணக்கு, கணக்கு எந்த நாட்டு நேரம், தீபாவளி வாரத்தில் யார் லீவ் எடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வேலை நேரத்துக்கு மேல் போனை எடுக்காமல் இருக்க நம் ஊரில் சட்டம் எதுவும் இல்லையா?
*சாந்தி மணிவண்ணன், குரோம்பேட்டை*

பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. நம் நாட்டில் சுப்ரியா சுலே எம்.பி. 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947 என்று ஒன்று இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. 26 வயதுப் பிள்ளைகளுக்குக்கூட ‘மேனேஜர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துத் தருகிறார்களே, அந்தத் தாராளத்துக்குக் காரணம் இதுதானா என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். (விசிட்டிங் கார்டு வைத்து மட்டும் கோர்ட் முடிவு செய்யாது, பார்க்கிற வேலையைத்தான் பார்க்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.)

ஊருக்கு உபதேசம் செய்கிறீர்கள். நீங்கள் ஏன் அந்த வேலையை விட்டீர்கள்? சம்பளம் போனதில் வருத்தம் இல்லையா?
*கே. நடராஜன், காரைக்குடி*

வருத்தம் உண்டு. 2018-ல் கடைசியாக வாங்கிய சம்பளத்தை இன்றுவரை மறுபடி தொடவில்லை. கார் பழசு. மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டும்போதெல்லாம் அந்த எண் கண்ணுக்கு முன்னால் வந்துபோகும். இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

ஏன் விட்டேன் என்றால், 2015 டிசம்பர் 1. அந்த வருஷம் சைபர் மண்டே நவம்பர் 30-ல் வந்தது. அமெரிக்காவில் திங்கள் முடியும்போது நமக்குச் செவ்வாய் காலை பத்தரை. அதோடு கடை கட்டிவிடலாம் என்று திங்கள் ராத்திரியிலிருந்து துரைப்பாக்கம் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. செவ்வாய் பகல் முழுக்க மழை. சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள், வீட்டுக்குப் போக வழியில்லை. ஆபீஸில் ஜெனரேட்டர் இருந்தது, நெட் இருந்தது, பிஸ்கட் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஜாஃபர்கான்பேட்டையில், தரைத்தளம்.

ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா கூப்பிட்டார். ‘தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சும்மா, என்ன பண்ணட்டும்?’ என்றார். அதே நிமிஷத்தில் திரையில் கிளையன்ட்டின் மெயில். அங்கே மதியம் பன்னிரண்டரை. விற்பனை நன்றாக இருப்பதால் சலுகையை வெள்ளிக்கிழமை வரை நீட்டிக்கிறார்களாம், விளம்பரங்களை உடனே மாற்ற வேண்டுமாம். ‘அப்பா, பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்’ என்று வைத்துவிட்டேன். 200-க்கும் மேலே விளம்பரங்கள். ஒவ்வொன்றாக அனுமதி வாங்கி ஓட ஆரம்பிக்கும்வரை இருந்து பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. திரும்பக் கூப்பிட்டபோது லேண்ட்லைன் செத்திருந்தது. இரண்டு பேர் மொபைலும் எடுக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரி அது.

இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. மூன்றாம் நாள் எண்ணூர்ப் பக்கத்து மீனவர்கள் கொண்டுவந்த படகில் இறங்கி வந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் புடவைகள், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஃபிரிட்ஜ் எல்லாம் போயிருந்தது. யாருக்கும் ஒரு கீறலில்லை.

அன்றைக்கே விட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். விடவில்லை. மார்ச்சில் போனஸ் வாங்கினேன், நல்ல தொகை. அப்பாவுக்கு முதல் மாடியில் வீடு பார்த்துக் கொடுத்தேன், அந்தப் பணத்தில்தான். இன்னும் இரண்டு வருஷம் போனேன், வந்தேன்.

அப்பா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசியதே இல்லை. 2018 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது வீட்டு பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கோபமே இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ‘அன்னிக்குப் பத்து நிமிஷம்னு சொன்னியே, அது என்ன வேலைம்மா?’

‘இன்றே கடைசி’ என்று இருந்ததை ‘வெள்ளிக்கிழமை கடைசி’ என்று மாற்றினேன் அப்பா, என்றேன்.

‘ஓ’ என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பேப்பரை எடுத்தார்.